முயலுக்குச் சூடு பார்ப்பது எப்படி? சின்னச் செல்லங்களைப் பதறவிடாத வழிகள், ஓர் ஒப்பீடு

ஓர் இரவு எங்கள் முயல் சாப்பாட்டைத் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருந்த மூன்று கருவிகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவியை முதுகுப் பக்கம் காட்டியபோது 34.8 டிகிரி செல்சியஸ் என்றது. குழந்தைக்காக வாங்கிய காது தெர்மாமீட்டர் 37.2 காட்டியது. கடைசியாக, ஆசனவாயில் வைத்துப் பார்த்த சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 39.1. பத்து நிமிடத்துக்குள், ஒரே முயலுக்கு மூன்று எண்கள். முதல் எண்ணை நம்பினால் முயல் உயிருக்குப் போராடுகிறது. இரண்டாவதை நம்பினால் உடல் குளிரத் தொடங்கிவிட்டது. மூன்றாவதோ முயலுக்கு முற்றிலும் இயல்பான சூடு.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகவே பார்த்து வருகிறேன். "தொடாமல் பார்த்தால் பிராணிக்குப் பயம் இல்லை, அதனால் அதுவே நல்லது" என்று பலர் முதலில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் முடிவு வேறு. முயல், கினிப் பன்றி, ஃபெரெட் (கீரி போல நீண்ட உடல் கொண்ட செல்லப் பிராணி) ஆகியவற்றுக்கு, நன்றாகக் கற்றுக்கொண்டு சில விநாடிகளில் முடிக்கும் ஆசனவாய் அளவீடே இன்னும் முதல் இடத்தில் இருக்கிறது. ஹாம்ஸ்டர், பறவை, முள்ளெலி போன்றவற்றுக்கு வீட்டில் உடல் சூடு பார்க்கவே வேண்டாம். அவை இருக்கும் இடத்தின் சூட்டைப் பார்த்தால் போதும். பல்லி, ஆமை வகைகளுக்குத்தான் இன்ஃப்ராரெட் துப்பாக்கி, அதாவது தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கி வடிவக் கருவி, மிகவும் பொருத்தமானது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை ஒவ்வொரு வழியாக எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் இயல்பான அளவுகள். முயலுக்கு 38.5 முதல் 40 வரை, அதாவது ஃபாரன்ஹீட்டில் 101.3 முதல் 104. நமக்கு 104 என்றால் மருத்துவமனைக்கு ஓடுவோம். முயலுக்கு அது இயல்பின் மேல் எல்லை. கினிப் பன்றிக்கு ஏறக்குறைய 37.2 முதல் 39.5. ஃபெரெட்டுக்கு 37.8 முதல் 40. ஹாம்ஸ்டரும் எலியும் நம்மைப் போல 36 முதல் 38 வரைக்குள் இருக்கும். ஆப்பிரிக்க முள்ளெலி இன்னும் குளிர்ந்தது, 35.4 முதல் 37. பறவைகள் எல்லோரையும் விடச் சூடானவை, 40 முதல் 42. ஊர்வனவற்றுக்கு இப்படி ஒரு நிலையான எண்ணே கிடையாது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

சூடு எந்தப் பக்கம் விலகினால் அதிக ஆபத்து என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலைத்தான் நாம் தேடுகிறோம். ஆனால் முயல் விஷயத்தில் சூடு குறைவதே பெரிய எச்சரிக்கை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 316 வளர்ப்பு முயல்களின் ஆசனவாய்ச் சூட்டைப் பார்த்தது. வரும்போதே சுமார் 38 டிகிரிக்குக் கீழே இருந்த முயல்கள், மருத்துவமனையிலோ வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள்ளோ இறக்கும் அபாயம் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இறப்புக்கான வாய்ப்பு இரட்டிப்பானது. குடல் இயக்கம் நின்றுபோகும்போதும், குடலில் அடைப்பு வரும்போதும், ரத்த ஓட்டம் தளர்ந்து உடல் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே முயலுக்கு நாம் வாங்கும் கருவி, 38க்கும் 37க்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தொடாமல் பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் தவறுவது சரியாக இந்தத் திசையில்தான். எப்போதும் குறைத்துக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே குறைந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயமே சூட்டை ஏற்றும் என்பது இன்னொரு சிக்கல். ஆய்வகங்களில் எலிகளைத் தூக்கி ஒருமுறை சூடு பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இரண்டாவது அளவு ஏறக்குறைய ஒரு டிகிரி வரை கூடியிருக்கும். கிருமி எதுவும் இல்லை, வெறும் பதற்றம்தான். இந்த ஏற்றம் அவ்வளவு நம்பகமாக வருவதால், பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஏற்றம் வரச் சில நிமிடங்கள் ஆகும். தூக்கிய உடனே, முதல் ஓரிரு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டால் உண்மையான சூடே கிடைக்கும். கால் மணி நேரம் துரத்திப் பிடித்து, மூன்று முறை தோற்று, நான்காவது முறை கிடைக்கும் எண்ணில் பாதி பயத்தின் சூடு. சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர்

கேட்டவுடனே முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதல் தடவை கை நடுங்கியது. ஆனால் உடலின் உட்சூட்டுக்கு மிக அருகில் நிற்கும் அளவு இதுதான். மற்ற எல்லா வழிகளையும் ஆராய்பவர்கள் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கருவி எளிது. நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், பத்து விநாடியில் முடிவு சொல்லும் வகை. அதைப் பிராணிக்கென்று தனியாக எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். பழைய கண்ணாடிப் பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டவே வேண்டாம். துள்ளும் பிராணியின் உடலுக்குள் கண்ணாடி இருப்பது ஆபத்து. அதோடு, மினமாட்டா ஒப்பந்தத்தின்படி 2020க்குப் பிறகு பாதரசத் தெர்மாமீட்டர்களின் தயாரிப்பே நிறுத்தப்பட வேண்டியது. டிஜிட்டலில் ஒன்றைக் கவனியுங்கள். மனிதர்களுக்கான கருவிகள் பெரும்பாலும் 32 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணைக் காட்டாமல் 'லோ' என்று மட்டும் சொல்லும். மிகவும் குளிர்ந்துபோன முயலுக்கு அப்படி வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

பிடிக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முயலின் எலும்புக்கூடு மிக இலேசானது. உடல் எடையில் ஏழெட்டு சதவீதம்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம். பின்னங்கால் தசைகளோ பலமானவை. பின்பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் பிடித்திருக்கும்போது ஓர் உதை உதைத்தால், தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதனால் பின்பக்கம் எப்போதும் எதன் மீதாவது அழுந்தி இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு தடிமனான துண்டை விரித்து, முயலைப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். தலை உங்கள் முழங்கை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளட்டும். கண் மறைந்தால் பாதிப் பதற்றம் அடங்கும். இன்னொருவர் வாலை மெல்லத் தூக்கி, வாஸ்லின் தடவிய தெர்மாமீட்டர் நுனியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே விடலாம். முயலுக்கு ஒன்றரை முதல் இரண்டு செண்டிமீட்டர். கினிப் பன்றிக்கு அதைவிடக் குறைவு. எதிர்ப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், தள்ளக் கூடாது. குடல் சுவர் மிக மெல்லியது. அதே சமயம் நுனி மட்டும் பட்டும் படாமல் இருந்தால் அளவு குறைவாகவே காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம் என்பது முக்கியம். நான் தெர்மாமீட்டரில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன்.

முயலை மல்லாக்கப் போட்டு அசையாமல் செய்வதை எளிய வழி என்று சிலர் சொல்லித்தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தூக்கமோ நிம்மதியோ அல்ல. வேட்டை மிருகத்தின் வாயில் அகப்பட்ட உயிர் செத்ததுபோல் கிடப்பது அது. வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுப் பயம்.

கினிப் பன்றியில் இன்னொரு கவனம். ஆண் கினிப் பன்றிக்கு ஆசனவாயை ஒட்டி ஒரு தோல் பை போன்ற மடிப்பு இருக்கும். பழக்கமில்லாதவர் நுனியை அதற்குள் விட்டுவிட்டு, குறைவான எண்ணைப் பார்த்துப் பயப்படுவார். முதல் தடவை கால்நடை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சின்சில்லா வைத்திருப்பவர்களுக்கு, இறுக்கிப் பிடித்தால் ரோமம் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அது தப்பிப்பதற்கு இயற்கை கொடுத்த வழி. பிடிக்கும் கை மென்மையாக, உடலைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு, ஆசனவாயில் ரத்தம், அல்லது மூச்சுவிடத் திணறல் இருந்தால் இந்த முறை வேண்டாம். மூச்சுத் திணறும் பிராணியைப் பிடித்து அமுக்குவதே அதன் உயிரைப் பறிக்கலாம்.

காது தெர்மாமீட்டர்

மனிதர்களிடம் நன்றாக வேலை செய்வதால் நம்பிக்கை வருகிறது. நம் காதில் அது செவிப்பறையின் வெப்பத்தைப் பார்க்கிறது. முயலின் காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்ளே வளைகிறது. கருவியின் முனை செவிப்பறையைப் பார்ப்பதில்லை. வழியில் இருக்கும் குழாய்ச் சுவரைப் பார்க்கிறது. மெழுகு இருந்தால் அதைப் பார்க்கிறது. காது தொங்கும் லாப் வகை முயல்களில் குழாய் மடங்கி, குறுகி, உள்ளே மெழுகு சேர்ந்தே இருக்கும். ஃபெரெட்டின் காதிலும் பழுப்பு மெழுகு எப்போதும் உண்டு.

முயலின் காது வெறும் கேட்கும் உறுப்பும் அல்ல. வியர்க்காத, நாய்போல இரைத்துச் சூட்டைத் தணிக்கவும் அவ்வளவாக முடியாத அந்த உடலுக்கு, காதுதான் வெப்பத்தை வெளியேற்றும் வழி. சூடானால் காதின் ரத்தக் குழாய்கள் விரியும். குளிர்ந்தாலோ பயந்தாலோ சுருங்கும். அறை மாறினால், மனநிலை மாறினால், காதின் சூடு மாறிவிடுகிறது.

ஒரு கருவி எப்போதும் சரியாக ஒரு டிகிரி குறைத்துக் காட்டினால் எனக்குக் கவலை இல்லை. ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். காது தெர்மாமீட்டர் இன்று அரை டிகிரி, நாளை இரண்டு டிகிரி, வலது காதில் ஒன்று, இடது காதில் வேறொன்று என்று குறைக்கிறது. கூட்டிக் கழித்துச் சரிசெய்ய முடியாத பிழை அது. காதில் அழற்சி இருந்தால் எண் கூடவும் செய்யும். பிராணிக்குப் பயம் குறைவு என்ற ஒரு நன்மைக்காக இதை வாங்க நான் சொல்ல மாட்டேன். அதுவும்கூட முழு உண்மை இல்லை. காதுக்குள் குளிர்ந்த முனையை விட்டால் பல முயல்கள் தலையை உதறிக்கொண்டு ஓடும்.

தொடாமல் பார்க்கும் இன்ஃப்ராரெட்

அதிகம் பேர் கேட்பது இதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கருவி எதையும் ஊடுருவுவதில்லை. எதிரே இருக்கும் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை மட்டும் படிக்கிறது. முயலின் முதுகை நோக்கிப் பிடித்தால் அது படிப்பது ரோமத்தின் நுனியை. ரோமம் இருப்பதே உள்சூடு வெளியே போகாமல் தடுக்கத்தான். அதன் நுனி அறையின் சூட்டை நோக்கி இறங்கியிருக்கும். அடர்த்தியான ரோமம் உள்ள ஆரோக்கியமான முயல் குளிராகவும், ரோமம் உதிர்ந்த நோயாளி முயல் சூடாகவும் தெரிய வாய்ப்புண்டு. நனைந்த ரோமம் என்றால் நீர் ஆவியாகி இன்னும் குளிர்ந்து காட்டும்.

நெற்றிக் கருவிகளில் இன்னொரு மறைமுகமான பிழை இருக்கிறது. 'உடல்' என்ற நிலையில் வைத்தால், அது தோலின் சூட்டை அப்படியே சொல்வதில்லை. மனித நெற்றிக்கும் மனித உட்சூட்டுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்கிறது. கினிப் பன்றிக்கு அந்தக் கணக்குப் பொருந்த எந்தக் காரணமும் இல்லை. பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் 'பொருள்' அல்லது 'மேற்பரப்பு' என்ற நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வடிவில் வரும் தொழிற்சாலைக் கருவிகளில் சிவப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும்தான் அது அளக்கிறது என்று நினைப்போம். 12:1 என்று எழுதியிருந்தால், 12 செண்டிமீட்டர் தூரத்தில் ஒரு செண்டிமீட்டர் வட்டம், 60 செண்டிமீட்டரில் ஐந்து செண்டிமீட்டர் வட்டம். தூரத்திலிருந்து ஹாம்ஸ்டரை அளந்தால் ஹாம்ஸ்டரும் சுற்றியிருக்கும் மரத்தூளும் கலந்த சராசரிதான் கிடைக்கும். இவற்றின் துல்லியமும் ஒன்றரை, இரண்டு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். 38க்கும் 39க்கும் இடையே முடிவெடுக்க வேண்டிய நமக்கு அது போதாது. அந்த லேசர் புள்ளி கண்ணில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பயனே இல்லையா? ஒரு பயன் இருக்கிறது. ரோமம் இல்லாத ஒரே இடத்தை, ஒரே தூரத்திலிருந்து, ஒரே அறையில், தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வந்தால், திடீர் மாற்றம் கண்ணில் படும். கினிப் பன்றிக்குக் காதுக்குப் பின்னால் முடியில்லாத ஒரு சின்ன இடம் இயல்பாகவே உண்டு. அது நல்ல இடம். தொடையிடுக்கும் ஆகும். வழக்கமான எண்ணிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால், அப்போது சரியான தெர்மாமீட்டரை எடுக்கலாம். அதாவது, அடுத்துப் பார்க்க வேண்டுமா என்று சொல்லும் கருவியாக இதை வைத்துக்கொள்ளலாம். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை இதன் எண்ணை வைத்து எடுக்கக் கூடாது.

போனில் செருகும் தெர்மல் கேமராவும் இதே குடும்பம். படம் அழகாக வரும். வீங்கிய காலும் அழற்சி உள்ள காதும் மற்ற பக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். இரண்டு பக்கங்களை ஒப்பிட நல்லது. ஆனால் இவற்றின் எண்கள் மூன்று டிகிரி வரை தவறலாம். காய்ச்சல் பார்க்க வேண்டாம்.

அக்குள்

முன்னங்காலுக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்து, காலை உடலோடு அணைத்துப் பிடிப்பது. உள்ளே எதுவும் போகாததால் பயம் குறைவு, காயமும் வராது. பழகிய கினிப் பன்றியும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஃபெரெட்டும் இதை அமைதியாக ஏற்றுக்கொள்கின்றன. ஆசனவாய் அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும், வித்தியாசமும் ஒரே சீராக இருக்காது. நுனி தோலைத் தொடாமல் ரோமத்துக்குள் நின்றுவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. பத்து விநாடி வகைக் கருவி 'பீப்' என்றதும் எடுத்துவிடாமல், இன்னும் ஒரு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும்.

ஆசனவாய் முறைக்குத் துணிவு வராதவர்களுக்கு என் இரண்டாவது சிபாரிசு இது. ஒரு நிபந்தனை: பிராணி நலமாக இருக்கும் நாட்களில் ஐந்தாறு முறை பார்த்து, அதன் சொந்த இயல்பு எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோய் வந்த இரவில் முதல் முறையாக அக்குளில் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

சூடு சொல்லும் மைக்ரோசிப்

அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப்பிலேயே வெப்ப உணரி சேர்ந்த வகை இருக்கிறது. அரிசி மணி போன்றது, சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரே ஊசியில் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு வாசிப்பானை முதுகுப் பக்கம் கொண்டுபோனாலே போதும். முயல் தன் கூண்டிலேயே புல் தின்றுகொண்டிருக்கும், எண் வந்துவிடும். பயம் குறைவு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, நீண்ட நோயிலோ, ஒரு நாளில் ஐந்தாறு முறை பார்க்க வேண்டிய பிராணிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆய்வகங்களில் முயல், எலிகளுக்கு இந்த முறையைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

சிப் தோலுக்கடியில் இருப்பதால் உட்சூட்டைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஆனால் எப்போதும் ஒரே இடத்திலிருந்து அளப்பதால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். வெப்பப் பட்டை, விளக்கு, வெயில் ஆகியவற்றின் அருகில் படுத்திருந்தால் கூட்டிக் காட்டும். கொஞ்ச நேரம் விலக்கி வைத்துப் பாருங்கள். எல்லா வாசிப்பான்களும் சூட்டைப் படிப்பதில்லை. வெறும் அடையாள எண்ணை மட்டும் படிப்பவையே அதிகம். சிப் போடும் முன், அதற்கேற்ற வாசிப்பான் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பான் இல்லையென்றால் அந்தச் சிப்பால் வீட்டில் பயன் இல்லை. செலவும் இந்தப் பட்டியலிலேயே அதிகம் இதற்குத்தான். முயலுக்குக் கருத்தடை செய்ய மயக்கம் கொடுக்கும்போதே போட்டுவிட்டால், ஊசி வலி தெரியாது.

கையால் தொட்டுப் பார்ப்பது

காதைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் காது குளிர்ந்திருப்பது குளிரான அறையாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம், உடல் குளிர்வதாலும் இருக்கலாம். சாப்பிடாத முயலின் காது, சூடான அறையிலும் சில்லென்று இருந்தால் அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். எண் இல்லாவிட்டாலும் அது தெர்மாமீட்டரை எடுக்கச் சொல்லும் அறிகுறி.

பிடிக்கவே கூடாதவை

ஹாம்ஸ்டரின் ஆசனவாயில் வீட்டில் தெர்மாமீட்டர் வைக்க முயல வேண்டாம். நுனியே அதற்குப் பெரிது. குளிரில் ஹாம்ஸ்டர் உறைந்ததுபோல் ஆகிவிடும். மூச்சு அரிதாகி, உடல் சில்லிட்டு, இறந்துவிட்டதாகவே தோன்றும். அந்த நிலையில் தேவைப்படுவது மெல்ல மெல்ல வெதுவெதுப்பு, உடனே மருத்துவர். கூண்டுக்குள் ஒரு டிஜிட்டல் அறை தெர்மாமீட்டர், படுக்கை மட்டத்தில் வைத்தால், இந்த நிலைக்குப் போகும் முன்பே எச்சரிக்கும். ஹாம்ஸ்டர் இரவு விலங்கு. அதன் உடல் சூடு இரவில் ஏறும், பகலில் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முள்ளெலி பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும். அதைப் பிரித்து அளக்க நினைப்பதே கொடுமை. அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் ஆப்பிரிக்க முள்ளெலி குளிர்த்தூக்கத்துக்குப் போக முயலும், அதன் உடல் அதைத் தாங்காது. அது தானாக விரிந்து நடக்கும்போது வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறு சில்லென்று இருந்து, நடை தள்ளாடினால் வேறு எண் தேவையில்லை. மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும் சின்ன விலங்கான ஷுகர் கிளைடரில் இன்னொரு புதிர். உட்சூடு 36ஐ ஒட்டி இருக்கும்போதே கழிவாயில் (கழிவுகள் வெளியேறும் பொதுவான துவாரத்தில்) சுமார் 32 தான் காட்டும். சரியாக அளந்தாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்.

பறவைகள் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சே நின்றுவிடும். ஏற்கனவே நோயுற்ற பட்ஜி, பிடித்த கையிலேயே இறந்துபோவது நடக்கக் கூடியது. இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்திருப்பது, வாய் திறந்து மூச்சுவிடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடுவது ஆகியவையே அதன் தெர்மாமீட்டர். உட்காரும் குச்சியைக் கிராம் காட்டும் தராசின் மேல் பொருத்திவிட்டால் தினமும் எடை கிடைக்கும். பறவையின் உடல்நிலையை அது சூட்டைவிட முன்னதாகச் சொல்லும். நோயுற்ற பறவைக்குக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் 29, 30 டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும்படி செய்தால், வேண்டிய இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

ஊர்வன: இங்கே துப்பாக்கி வெல்கிறது

பல்லிக்கும் ஆமைக்கும் காய்ச்சல் வருமா என்று கேட்பார்கள். அவை உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக் காய்ச்சல் வரவழைப்பதில்லை. சூடான இடத்துக்கு நடந்துபோய் வரவழைத்துக்கொள்கின்றன. 1970களில் பாலைவன இகுவானா என்ற பல்லிகளுக்குப் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு டிகிரி சூடான இடத்தைத் தேடிப் போயின. அப்படிச் சூடேறவிடாமல் தடுக்கப்பட்டவை அதிகமாக இறந்தன. என்னை இந்தத் துறைக்குள் இழுத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

இதன் நடைமுறைப் பொருள், பல்லியின் உடல் சூட்டை அளப்பதைவிட அது தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களின் சூட்டை அளப்பதுதான் வேலை. பியர்டட் டிராகன் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 வரை, குளிர்ந்த மூலை 25ஐ ஒட்டி இருக்க வேண்டும். லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33. மேற்பரப்பை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கியைவிட வசதியான கருவி இல்லை. ரோமமும் இல்லை என்பதால் ஓணானின் முதுகுக்கு நேராகப் பிடித்தால்கூட நல்ல அளவு கிடைக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். காற்றின் சூட்டுக்குக் கம்பி நுனியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. கண்ணாடியில் ஒட்டும் பட்டைகளையும் வட்ட முள் கருவிகளையும் நம்ப வேண்டாம். அவை ஒட்டிய இடத்தின் சூட்டைத்தான் சொல்கின்றன. சாப்பிடாத பல்லி நாள் முழுவதும் விளக்கடியிலேயே கிடந்தால், இகுவானாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

ஒரே ஒரு முயலோ கினிப் பன்றியோ இருந்தால்: வளையும் நுனியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாஸ்லின், ஒரு துண்டு, மருத்துவரிடம் ஒருமுறை நேரடிப் பயிற்சி. இவ்வளவுதான். நீண்ட நோய் உள்ள முயல் அல்லது தொட்டாலே பதறும் ஃபெரெட் என்றால், சூடு சொல்லும் சிப்பும் வாசிப்பானும் அந்தச் செலவுக்குத் தகும். நெற்றிக் கருவி ஏற்கனவே வீட்டில் இருந்தால் தினசரிக் கண்காணிப்புக்குப் பயன்படுத்துங்கள். இதற்கென்று வாங்க வேண்டாம். ஹாம்ஸ்டர், முள்ளெலி, பறவை வைத்திருப்பவர் உடலுக்கான கருவிக்குச் செலவிடுவதை அறை தெர்மாமீட்டருக்கும் சின்னத் தராசுக்கும் செலவிடலாம். ஊர்வன வளர்ப்பவருக்குத் துப்பாக்கியும் இரண்டு கம்பித் தெர்மாமீட்டர்களும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் பழக்கப்படுத்துவதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எங்கள் முயலுக்கு முதல் சில நாட்கள் துண்டில் உட்காருவது மட்டும், உட்கார்ந்தால் பிடித்த கீரை. அப்புறம் வாலைத் தொடுவது, கீரை. பிறகு தெர்மாமீட்டரின் 'பீப்' சத்தம், கீரை. அந்தச் சத்தத்துக்கே துள்ளும் பிராணிகள் உண்டு. இப்போது துண்டை விரித்தால் தானாக வந்து ஏறுகிறது. எடுத்து, பார்த்து, இறக்கிவிட முப்பது விநாடி. நலமான பிராணிக்கு மாதம் ஓரிரு முறைக்கு மேல் தேவையில்லை.

சில இரவுகளில் அளக்கவே வேண்டாம். முயல் பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், 39 என்று வந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். வெயிலில் தளர்ந்து, வாய் திறந்து மூச்சுவிடும் முயலை முதலில் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஐஸ் வேண்டாம். 40.5ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க நிற்கும் நேரம் வீண். உடல் சில்லென்று துவண்டு கிடந்தால், துண்டில் சுற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போகும் வழியிலேயே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

மற்ற நாட்களில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், எண், அறையின் சூடு, எந்த இடத்தில் பார்த்தது. அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "37.4, அக்குள்" என்று வாசிக்கும் மருத்துவர் நிதானமாகக் கேள்வி கேட்பார். "37.4, ஆசனவாய்" என்று வாசித்தால் உடனே முயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்.